ஒரே நாளில் தின்று தீர்க்க வேண்டிய ஆடு

நன்றிப்பலி கொடுக்க வருகிறவர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். கிபியோன் மலைமேடைப் பலிபீடத்துக்கு நாற்பது ஆண்டுகளாக விறகு சுமக்கிறேன். தனி ஆளாக ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர் எலாசா ஒருவர்தான். அந்த ஆட்டில் கொழுப்பு கர்த்தருக்கு. நெஞ்சும் வலது தொடையும் ஆசாரியருக்கு. மிச்சமெல்லாம் கொண்டுவந்தவருக்கு. அதை அன்றைக்கே தின்றாக வேண்டும். விடியும்போது ஒரு துண்டு மிஞ்சக் கூடாது; மிஞ்சுவதை எரித்துவிட வேண்டும்.

ஆசாரியர் எலாசாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வீட்டு ஆளுங்க எங்கப்பா?"

"வர்றோம்னு சொல்லியிருக்காங்க சாமி."

எலாசாவுக்குப் புருவம் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் தோல்நோயோடு ஊருக்கு வெளியே குடிசையில் கிடந்தவர். யாராவது எதிரே வந்தால் "தீட்டு, தீட்டு" என்று அவரே கத்தி ஒதுங்க வேண்டும். நோய் தானாக ஆறியது. ஆசாரியர் வந்து பார்த்து, மயிரெல்லாம் மழிக்கச் சொல்லி, எட்டாம் நாள் சுத்தமென்று சொன்னார். அதற்குள் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஆசாரியர் குரலைத் தணித்துக்கொண்டார். "பேசாம முழு எரிபலியாக் கொடுத்துடு. எல்லாம் நெருப்புக்குப் போயிடும். யாரும் வந்து திங்க வேண்டியதில்ல."

"நான் நேர்ந்துக்கிட்டது அது இல்லீங்க. ஏழு வருஷமா ஒத்தையில தின்னவன். பொழைச்சா நாலு பேரோட உக்காந்து உம்ம முன்னால சாப்பிடுறேன்னுதான் கர்த்தர்கிட்டச் சொன்னேன்."

ஆசாரியர் ஆட்டைக் கொண்டுவரச் சொன்னார். எலாசா ஆட்டின் தலையில் கையை ஊன்றினார். வழக்கத்தைவிட நெடுநேரம் ஊன்றியிருந்தார். கத்தி, இரத்தம், கொழுப்பு எல்லாம் முறைப்படி முடிந்தன. கறி பானையில் வெந்தது. எண்ணெய் தடவிய அப்பங்களைத் துணியில் அடுக்கிவிட்டு, எலாசா பாதை தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு ஒருவர் வந்தார். அவருடைய தம்பி மெசுல்லாம். பத்தடிக்கு அப்பாலேயே நின்றுவிட்டார்.

"வாடா, கறி ஆறுது. மத்தவங்க எங்க?"

"புள்ளைங்க பயப்படுதுண்ணே."

"ஆசாரியரே சுத்தம்னுட்டாரே."

"சொல்லிட்டாரு... நான் இல்லன்னு சொல்லலியே."

மெசுல்லாம் கொண்டுவந்திருந்த திராட்சைரசத் தோல்துருத்தியைப் பக்கத்திலிருந்த கல்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ஏழு வருஷமும் சோற்றை இப்படித்தான் ஊரெல்லையில் ஒரு கல்மேல் வைத்துவிட்டுப் போவாராம். கை பழக்கத்தில் செய்துவிட்டது போலும். செய்தது என்ன என்று உறைத்ததும் முகம் கோணியது. தலையைக் குனிந்தபடி மலையிறங்கிப் போனார்.

எலாசா அந்தத் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"விறகுக்காரரே, சாப்பிட வர்றீங்களா?"

"நான் கிபியோன்காரன் ஐயா, விறகு சுமக்கன்னே ஒதுக்கிவச்ச வேத்து ஜனம். எங்க ஆளுங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நான் கூப்பிடுறேன். உங்களுக்குத் தீட்டு எதுவும் இல்லையே?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பது வருஷமாக இந்தக் கறிக்கெல்லாம் விறகு போட்டவன் நான். வாசனையைத் தவிர வேறெதுவும் அறியேன். கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒரே தட்டு. அவர் ஒரு துண்டு எடுத்தார். என் கை தட்டுக்கு மேலே ஒரு கணம் நின்றுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்பத்தைப் பிய்ப்பது போலக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். நான் அவர் எடுத்த எலும்பில் ஒட்டியிருந்த கறியையே பிய்த்து வாயில் போட்டேன்.

"உப்பு போதுமா?" என்றார்.

"போதும் ஐயா."

இரண்டு கிழவர்கள் எவ்வளவு தின்ன முடியும்? அவர் எழுந்து போய் மேடையின் ஓரத்தில் நின்று, "சாப்பிட வாங்க! யாராச்சும் வாங்க!" என்று கூப்பிட்டார். கீழே வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

பொழுது சாயும்போது பாதி ஆடு அப்படியே கிடந்தது. நான் விறகு கொண்டுவந்து அடுக்கினேன். மிச்சத்தை அவரே ஒவ்வொரு துண்டாகத் தீயில் இட்டார். "தப்பா எடுத்துக்காதேயும், ரெண்டு பேர்தான் கெடச்சோம்" என்று முணுமுணுத்தார். சொன்னது என்னிடம் இல்லை.

தம்பி வீட்டுக்கு அவர் போகவில்லை. பழைய குடிசையைச் செப்பனிட்டு அங்கேயே இருக்கிறார். யாரைக் கண்டும் இப்போது கத்துவதில்லை, வழிவிட்டு நின்றுகொள்கிறார். விறகுக்குப் போகிற நாட்களில் நான் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். சில நாள் அவர் வெளியே உட்கார்ந்திருப்பார். சில நாள் கதவு சாத்தியிருக்கும்.