இரவல் நெஞ்சு

"அப்பா, லாரி நின்னதும் இன்ஜினை அணைக்கிறியே, உள்ள ஓடுறதை மட்டும் ஏன் அணைக்கவே மாட்டேங்கிற?"

மகள் சின்னவளாக இருந்தபோது அவர் மார்பில் காதை வைத்துக்கொண்டு கேட்டது. "அதுக்குச் சாவி என்கிட்ட இல்லடா கண்ணு" என்று சிரித்து மழுப்பினார். விளையாட்டாகச் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது, அவளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் உறைத்தது. சரக்கின் மேல் தார்ப்பாய் கட்டக் கயிற்றை இழுத்த கை மரத்துப்போய், உடம்பெல்லாம் வேர்த்து, சக்கரத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஷெட்டில் கேட்டவர்களிடம் வாயுத் தொல்லை என்றார்.

ஷெட்டில் அவருக்கு நிதானம் என்று பெயர். வண்டியை அவர் எடுத்தால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் தளும்பாது என்பார்கள். ஆனால் நிதானம் இருந்து என்ன? லாரி ஓட்டுகிறவன் குறித்த காலத்தில் டாக்டரிடம் உடம்பைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அவருடைய முறை வந்துவிட்டது.

இதற்கு ஷெட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் நெஞ்சு இரவல். உடம்பு சரியில்லாதவனின் ஓட்டுநர் அட்டையை எடுத்துக்கொண்டு, சரியாக இருக்கிறவன் போய்ப் படுத்துவிட்டு வருவான். அட்டையில் ஒட்டிய பழைய படத்தில் எல்லார் முகமும் ஒரே மீசைதான். கொடுத்தவன் கேட்டதில்லை, வாங்கியவன் மறந்ததில்லை.

அவருக்கு நெஞ்சு கொடுக்க முன்வந்தவன் குண்டூசி. அவருடைய மாற்று ஓட்டுநர். ஒல்லி உடம்பு. பீடி, குடி எதுவும் கிடையாது, வாய் மட்டும் ஓயாது.

"அண்ணே, என் நெஞ்சு புத்தம்புது டயர். நீங்க கவலைய விடுங்க."

"டாக்டர் கேள்வி கேப்பாங்கடா. எங்கப்பா எண்பது வயசு வரைக்கும் இருந்தாருன்னு சொல்லு. சர்க்கரை இல்லன்னு சொல்லு."

"உங்க அப்பா, உங்க ஆத்தா, உங்க கொள்ளுத்தாத்தா, எல்லாரையும் மனப்பாடம் பண்ணிட்டேன். இனி அண்ணி மட்டும்தான் பாக்கி."

"உதைப்பேன்."

பரிசோதனை நாளில் நிதானம் கிளினிக்குக்கு எதிர்ச்சாரி டீக்கடையில் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் குண்டூசி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தான்.

"கெட்ட சேதிண்ணே. நீங்க ஃபெயில்!"

"விளையாடாதடா."

"சத்தியமா. உங்க இதயத் தசை தடிச்சிருக்காம். ரெண்டு தடவ படுக்க வச்சுப் பாத்தாங்க. 'இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு ஸ்டியரிங்கத் தொட்டா நீயும் பொழைக்க மாட்ட, எதிர்ல வர்றவனும் பொழைக்க மாட்டான். பெரிய ஸ்கேன் எடு'ன்னு டாக்டரம்மா ஒரே திட்டு. உங்களுக்காகத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன்."

நிதானம் டம்ளரைக் கீழே வைத்தார். "படுத்தது யாருடா?"

"நான்தான்."

"அப்ப தடிச்சது யாரோடது?"

குண்டூசியின் சிரிப்பு பாதியில் நின்றது. "மெஷின் பழசுண்ணே."

"குடும்பத்துல யாராச்சும் திடீர்னு போயிருக்காங்களான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே, எங்கப்பா எண்பது வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாருன்னு சொன்னேன்."

"உன் அப்பா?"

குண்டூசி பெஞ்சில் உட்கார்ந்தான். குழாயடியில் முகம் கழுவக் குனிந்த அவன் அப்பா நிமிரவே இல்லை. அப்போது அவருக்குக் குண்டூசியின் இப்போதைய வயதுகூட ஆகவில்லை. நிதானத்துக்கு அது தெரியும். எத்தனையோ பயணங்களில் அவனே சொல்லி அழுதிருக்கிறான்.

கேள்வி கேட்டது அவன் நெஞ்சைப் பார்த்து. பதில் வந்தது இவர் வீட்டிலிருந்து. அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தவரும் இவர்தான்.

"அண்ணே" என்று மெல்ல ஆரம்பித்தான் குண்டூசி. "என் சான்று அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும். நாளைக்கு மலைக்கு லோடு. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. நீங்க மட்டும் வாயத் திறந்துடாதீங்க."

அன்று வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மனைவி தையல் மெஷின் மிதிப்பதை நிறுத்தினாள்.

"சாமிகிட்ட அப்படி என்னதான் கேக்குறீங்க?"

நடந்ததைச் சொன்னார். "என்ன செய்யறதுன்னு கேக்குறேன்."

"அது தெரியாமயா இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்க? தெரிஞ்சதச் செய்யத் தெம்பக் கேளுங்க."

காலையில் கிளினிக் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். டாக்டரம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, குழாயடியில் விழுந்த அப்பா உட்பட.

"எத்தனை பேரைக் கொல்லப் பாத்தீங்க தெரியுமா?" என்றாள் அந்த அம்மாள்.

"தெரியும்மா. அவன் மேல தப்பில்ல. கேட்டது நான். மலையேறதுக்குள்ள அவனை நிறுத்துங்க."

அந்த அம்மாள் போனை எடுத்து ஷெட் முதலாளியைக் கூப்பிட்டாள். குண்டூசியின் லாரி ஷெட் வாசலைத் தாண்டும் முன் முதலாளி மறித்துவிட்டார். பிறகு டாக்டரம்மா நிதானத்தையும் படுக்க வைத்துப் பார்த்தாள். "உங்களுக்கும் இனி லாரி கிடையாது பெரியவரே" என்றாள். போலீசுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் கைகூப்பினார்.

அன்று மாலை குண்டூசி அவர் வீட்டுக்கு எதிரே தெருவில் நின்று கத்தினான். "நெஞ்ச இரவல் வாங்கிட்டு, என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே! உங்களுக்கு வண்டி போச்சுன்னா என் வண்டியும் போகணுமா? நல்லா இருங்க. உங்க சாமி உங்கள நல்லா வச்சிருக்கட்டும்!"

"டேய், ஸ்கேன் மட்டும் எடுத்துடுடா" என்றார் அவர் வாசலிலிருந்து.

"எனக்கு ஒண்ணுமில்ல! நோவு உங்களுக்கு!"

சன்னல்கள் திறந்து மூடின. மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

அதன்பின் அவர் மனைவி தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தார். ஸ்டியரிங் பிடித்த விரலுக்கு ஊசி பிடிபடவில்லை. ஒருநாள் நூல் வாங்கச் சந்தைப் பக்கம் போனபோது, முதுகில் மூட்டையோடு ஒரு ஒல்லி உருவம் படியேறுவதைப் பார்த்தார். மேலே போய் இறக்கிவிட்டு, சுவரில் கையூன்றி, வாய் திறந்து மூச்சு வாங்கியது. பிறகு அடுத்த மூட்டைக்கு வந்தது. அவர் கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நூல் வாங்காமல் திரும்பிவிட்டார். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று அவனை லாரியிலிருந்து இறக்கி, அதைவிடச் சீக்கிரம் கொல்லும் வேலையில் அல்லவா ஏற்றிவிட்டோம்?

அந்த வாரமே முதலாளி ஆளனுப்பினார்.

"ஒரு கீறல் விழாம ஓட்டிக் கொடுத்திருக்க. உன்னத் தெருவுல விட எனக்கு மனசு வரல. லாரி நிறுக்கிற எடை மேடையில ஆள் வேணும். உக்காந்து பாக்குற வேலைதான். எடுத்துக்க."

பொத்தான் வைத்துப் பிழைக்க முடியாது என்பது நிதானத்துக்குத் தெரியும்.

"ஒரு ஆள்தான் வேணுமா முதலாளி?"

"ஒரு நாற்காலிதான்யா இருக்கு."

"அப்ப அத அவனுக்குக் கொடுங்க."

"எவனுக்கு? தெருவுல வச்சு உன் மானத்த வாங்கினானே, அவனுக்கா?"

"மூட்டை தூக்கிட்டிருக்கான். ஆனா சும்மா கொடுக்காதீங்க. பெரிய ஸ்கேன் எடுத்து, வைத்தியம் பாத்துக்கிட்டு வந்தாத்தான் வேலைன்னு கண்டிப்பாச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான். என் பேரு மட்டும் வேண்டாம்."

முதலாளி அவரையே பார்த்தார். "பைத்தியக்காரன்யா நீ" என்றார். அப்புறம் சரியென்றார்.

குண்டூசி ஸ்கேன் எடுத்தான். கழுத்தெலும்புக்குக் கீழே, நெஞ்சு தடுமாறினால் தட்டி எழுப்பும் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் மூட்டை தூக்கியிருந்தால் அவன் அப்பா போன வழிதான் என்றார்களாம். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவரச் சொன்னார்கள். சின்னவனுக்கும் அதே தசைத் தடிப்பு. இனி ஓடியாட விடாமல் வளர்க்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து அவன் சொன்னது சுற்றிச் சுற்றி இவர் காதுக்கு வந்தது: "முதலாளிக்கு இருக்கிற ஈரம், கூடவே படுத்து எந்திரிச்சவனுக்கு இல்லியே!"

"நீங்க போய்ச் சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"சொன்னா நாற்காலில நிம்மதியா உக்காருவானா?" என்று பொத்தானைத் தேடினார்.

திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடை மேடைப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. நிதானம் தனியாக வந்தார். அறை தரையிலிருந்து உயரத்தில் இருந்தது. வாசலுக்கு ஒரே படி, அதுவும் முழங்கால் உயரம். ஏறிப் பார்த்தார். மேலே போய்ச் சேர்வதற்குள் மார்பு இறுகியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு திரும்பிய பின் இறங்கினார்.

வேலியோரம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் பழைய மரக்கட்டைகள் கிடந்தன. அகலமானதாக ஒன்றைப் பார்த்து, தூக்காமல், காலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தார். நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. படிக்கு முன்னால் அணைத்துப் போட்டு, ஆடிய பக்கத்தில் ஓட்டுச் சில்லைச் செருகினார். ஏறி நின்றார். ஆடவில்லை.

கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே மெதுவாக நடந்தார்.