சத்தம் போடும் வேலி

குதிரைக்குக் கண் தெரியாது என்பதைக் கடைக்காரரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. சொன்ன நிமிஷத்திலிருந்து அந்த மனிதர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கண்ணு தெரியாத குதிரைக்கு எதுக்கும்மா மின்வேலி? பாவம் இல்லையா?”

“நீங்க வேலி விக்கிறவரா, பாவ புண்ணியம் பாக்கிறவரா?” என்றாள் அக்கா. “இருக்கிற எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க அண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்.”

பக்கத்தில் நின்ற தம்பி தரையைப் பார்த்துச் சிரித்தான். வேலி கட்டுவதுதான் அவன் தொழில். அந்தக் கடைக்குப் பழைய வாடிக்கை. அக்காவோடு எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவள் வாயில் விழுந்து எழ வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். இன்றைக்கு மாட்டியது வேறொருவர் என்ற நிம்மதி அவனுக்கு.

அக்கா முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. புருஷன் விட்டுவிட்டுப் போனதைக்கூட அவள் சிரிப்பாகத்தான் சொல்வாள். “அவரு போனாரு, சீமாட்டி நின்னா. எனக்கென்ன நஷ்டம்?” என்பாள். சீமாட்டி என்பது அவளுடைய பெண்குதிரை. சவாரிப் பள்ளி ஒன்றை மூடியபோது, வயதாகிவிட்டது என்று யாரும் வாங்காமல் நின்றதை அவள் ஓட்டிக்கொண்டு வந்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் மதிக்காத நடை நடக்கும். அதனால் அந்தப் பெயர். ஒரு கண் போனது. மற்றதாவது தங்கும் என்று மருந்து போட்டுப் போட்டுப் பார்த்தாள். அதுவும் போனது. இப்படி ஒரு பிராணியின் கண்ணைத் திறந்து சொட்டு மருந்து விட்டவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். மற்றவர்கள், “குதிரைதானே” என்றார்கள்.

டாக்டர் அம்மாள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினார். “கொட்டிலுக்குள்ளயே நிறுத்தி வச்சா அது உயிரோட இருக்கும், ஆனா குதிரையா இருக்காது. ஏற்கெனவே மரத்தைக் கடிக்குது, தலையை ஆட்டிக்கிட்டே நிக்குது, பாத்தீங்க இல்ல? அடிபடாம ஓடித் திரிய ஒரு இடம் பண்ணுங்க. முடியலன்னா சொல்லுங்க. வலியில்லாம அனுப்பி வச்சுடலாம்.”

அனுப்பி வைப்பது என்ற சொல்லை அக்கா வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. வழியிலேயே போட்டுவிட்டு, வந்த கையோடு கொட்டிலுக்குப் பின்னால் இருந்த சின்ன முற்றத்தில் தம்பி எப்போதோ விட்டுப்போன மிச்ச மின்வேலிப் பட்டையையும் பழைய மின்பெட்டியையும் எடுத்து நாலு குச்சி நட்டுத் தானே ஒரு வேலி கட்டினாள். வேலியா அது? கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தொய்ந்து கிடந்தது. காற்று வீசினால் படபடவென்று அடித்துக்கொண்டது.

ஆனால் சீமாட்டிக்கு அது போதுமாக இருந்தது. முதல் நாள் மூக்கை வைத்து ஒரு சுருக்கு வாங்கித் துள்ளியது. அதற்குப் பிறகு பட்டை படபடத்தால், எட்டத்திலேயே காதைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். வாசலுக்காகப் பட்டை கட்டாமல் விட்ட இடத்தில் மட்டும் தயங்காமல் நேராக வெளியே வரும். சத்தம் கேட்டால் வேலி, சத்தம் இல்லாவிட்டால் வழி. இதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்துக்கொண்டது. அக்கா அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை. உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு மேலே இருந்த மேட்டுப் புல்வெளி அவளுடையதுதான். காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இடம். அங்கே பெரிதாக, முறையாக வேலி போட்டுவிட்டால் சீமாட்டி ஓடலாம். காற்றில்லாத நாளில் கொட்டிலைத் திறக்காமல் இருந்தால் ஆயிற்று. அதற்காகத்தான் இப்போது இந்தக் கடையில் நிற்கிறார்கள்.

கடைக்காரர் சுருள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். முதலில் இரும்புக் கம்பி. “வேண்டவே வேண்டாம்” என்று தம்பியே தள்ளி வைத்தான். “கண்ணு தெரியற குதிரைக்கே இது தெரியாது. வேகமா வந்து மோதினா தோலை அறுத்துடும்.” அடுத்தது விரல் தடிமனில் வெள்ளைக் கயிறு, உள்ளே செம்பு இழை ஓடியது. தம்பி அதைக் கையில் எடுத்து ஆசையாக நீவினான். “அக்கா, இதுதான் ராஜா. காத்து இதை ஒண்ணும் பண்ணாது. பத்து வருஷம் கவலையே இல்ல.”

“சத்தம் போடுமா?”

“கயிறு எங்கக்கா சத்தம் போடும்?”

“அப்ப ராஜாவை அவங்க அரண்மனையிலேயே வைக்கச் சொல்லு.”

கடைசியாக நாலு விரல் அகலத்தில் வெள்ளைப் பட்டை வந்தது. அக்கா அதில் ஒரு முழம் உருவி, விறைப்பாகப் பிடித்து வாயால் ஊதினாள். பட்டை விர்ரென்று அதிர்ந்தது. கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான்.

“இது நல்லாத்தான் இருக்கு,” என்றான் பிறகு. “ஆனா காத்துல அடிச்சு அடிச்சு சீக்கிரம் நஞ்சுபோயிடும். அதனாலதான் நாங்க ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு முறுக்கு குடுத்துக் கட்டறது. முறுக்கிட்டா காத்து வழுக்கிக்கிட்டுப் போயிடும், ஆடாது.”

“ஆடணும்டா. ஆடறதுக்குத்தானே இதை வாங்கறேன். நீ முறுக்கக் கூடாது.”

“சரி, முறுக்கல.”

“நஞ்சுபோனா வேற வாங்கிக்கலாம். அவளுக்கு அது காதுல விழணும். அவ்வளவுதான்.”

“முறுக்கலைன்னு சொல்லிட்டேனே அக்கா,” என்றான் தம்பி. மனதாரத்தான் சொன்னான். அவன் சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. தம்பி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மூலைக் கம்பங்களை யானை வந்து முட்டினாலும் அசையாத மாதிரி நட்டான். மின்பெட்டிக்கான எர்த் கம்பிகளை ஈரமான பள்ளமாகப் பார்த்து இறக்கினான். புல் உரசிக் கரண்ட் இறங்கிவிடக் கூடாது என்று வேலியடி முழுக்கச் செதுக்கி விட்டான். இடுப்பில் வலி இருந்தது அவனுக்கு. அக்கா கேட்டதற்கு, “வலியெல்லாம் திங்கக்கிழமைதான்” என்று சொல்லிவிட்டான்.

பட்டை கட்டும்போது சாயங்காலமாகிவிட்டது. காற்றும் அடங்கியிருந்தது. அக்கா சுருளைக் கையில் பிடித்துப் பிரித்துக்கொண்டே முன்னால் நடக்க, தம்பி பின்னால் கம்பம் கம்பமாகக் கவ்வியில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தான். சும்மா நடக்க முடியுமா அவளால்? தன் கடையில் ஒரு கல்யாணப் பெண் தலைக்குச் சாயம் போடச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போன கதையை ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணின் மாமியார் வந்து நின்ற கோலத்தை அவள் நடித்துக் காட்டியபோது, தம்பி சிரிப்புத் தாங்காமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அம்மா போன பிறகு இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததே இல்லை.

கடைசிக் கம்பத்தையும் கட்டி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா சீமாட்டியைக் கயிற்றில் பிடித்து வேலியோரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டினாள். அது புல்லை முகர்ந்தது, தும்மியது, அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது.

“காலைல காத்து வந்ததும் விடறேன்,” என்றாள் அக்கா.

“எனக்குப் போன் பண்ணு. அவ ஓடறதை நீ சொல்லிக் கேக்கணும்,” என்றான் தம்பி.

காலையில் நல்ல காற்று. மேட்டுப் புல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அக்கா தலைக்கயிற்றைக் கழற்றினாள். அந்த நிமிஷம் என்னவோ குறைகிற மாதிரி அவளுக்கு ஒன்று தோன்றத்தான் செய்தது. எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்தோமா என்றுகூட யோசித்தாள். அதற்குள் சீமாட்டி இரண்டு காதையும் முன்னால் நீட்டி நாலு பக்கமும் கேட்டது. மெல்ல நடந்தது. மறுபடி நின்று கேட்டது. பிறகு ஓடியது.

எத்தனை காலத்துக்குப் பிறகு! வால் கொடிபோல் நிமிர்ந்திருந்தது. வயதாவது ஒன்றாவது, குட்டி மாதிரி பின்னங்காலை உதறிக்கொண்டு ஓடியது. அக்கா பைத்தியம் பிடித்தவள்போல் தனியாக நின்று கை தட்டினாள். தம்பிக்குச் சொல்லப் போனை எடுத்தாள். சீமாட்டி மேட்டின் ஓரத்தை நோக்கிப் போவதைப் பார்த்து, இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தாள். அது வேகத்தைக் கூட்டியதே தவிர நிற்கவில்லை. அவள் போட்ட கூச்சலைக் காற்று எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய்விட்டது.

பட்டை மார்பில் பட்டுச் சுரீரென்றதும் சீமாட்டி அலறிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் மூலைக் கம்பம் இருந்தது. அந்தக் கம்பம் அசையவில்லை.

அக்கா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அது எழ முயன்றுகொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் அதன் தலையை மடியில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு தம்பிக்கும் செய்தாள். “வாடா” என்ற ஒரு சொல்தான் வந்தது. டாக்டர் வரும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது. குதிரை அப்படிக் கத்தும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தாள். தலைக்கு மேலே வேலி சத்தமே இல்லாமல் நின்றது. இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு முறுக்கு. அடுத்ததிலும் ஒரு முறுக்கு. மேடு முழுக்க, அளவெடுத்துப் போட்ட மாதிரி அழகாக, ஒன்றுகூட விட்டுப்போகாமல் முறுக்கியிருந்தது. காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பட்டை கொஞ்சமும் ஆடவில்லை.

வரட்டும் அவன், என்று நினைத்தாள். மூஞ்சிக்கு நேராகக் கேட்கிறேன். ஒரே ஒரு காரியம் சொன்னேனே, அந்த ஒன்றைச் செய்ய உனக்குத் துப்பில்லையா என்று கேட்கிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சொல்லா பஞ்சம்?

டாக்டர் வந்தார். பார்த்ததும் முழந்தாளிட்டு ஊசியை எடுத்தார். “தலையைப் புடிச்சுக்கங்க. பேசிக்கிட்டே இருங்க, உங்க குரல் அதுக்குத் தெரியும்” என்றார். அக்கா பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. மடியில் இருந்த கனம் மாறியபோதுதான் நிறுத்தினாள்.

தம்பி மேட்டில் ஏறி ஓடி வந்தான். வரும் வழியிலேயே அவன் கண் வேலியின் மேல் ஓடியது. தொழில் பழக்கம், யார் வீட்டுக்குப் போனாலும் அவன் முதலில் பார்ப்பது வேலியைத்தான். அக்கா சட்டென்று எழுந்து பக்கத்துப் பட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். அடுக்கி வைத்த சொல்லெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் எதை மறைப்பது? மேடு முழுக்க அவன் கைவேலைதான்.

ஓடி வந்தவன் பாதியில் நின்றான். கிட்டே இருந்த பட்டையைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைத் தூக்கி, பட்டையை வாங்கி முறுக்குகிற மாதிரி மணிக்கட்டை ஒருமுறை காற்றில் திருப்பினான். அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்தான்.

“அக்கா, நான் முறுக்கிட்டேன்.”

“நான்தானேடா சுருளைப் புடிச்சுக்கிட்டு முன்னாடி நடந்தேன்,” என்றாள். “திரும்பிப் பாத்தேனா? வாய் மூடாம கதை சொல்லிக்கிட்டு வந்தேன். உன்னை எங்க வேலையைப் பாக்க விட்டேன்?”

“நீ வேலி கட்டறவ இல்லையே அக்கா.”

முதுகால் மறைத்திருந்த பட்டையை விட்டு அக்கா விலகினாள். தம்பி சீமாட்டியின் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். அதன் காதைத் தொடப்போய், தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?”

டாக்டர் பையை மூடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“இல்லடா,” என்றாள் அக்கா. “விழுந்ததும் போயிட்டா. ஒரு சத்தம்கூடப் போடல.”

கத்திக் கத்தி அவள் குரல் கம்மியிருந்தது. புடவை முழுக்க நுரையும் ரத்தமும் புல்லும். சுற்றிலும் குளம்பு உதைத்துக் கிளறிப்போட்ட மண் கிடந்தது. தம்பி அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் நம்பவில்லை. ஆனாலும் அவளுக்காகச் சரி என்று தலையை ஆட்டினான்.