அந்தப் பாஷை தெரிந்தவர்

ஸ்ட்ரெச்சர் மாடிப்படித் திருப்பத்தில் இடித்துக்கொண்டு நின்றபோது வீட்டுக்குள் டெலிபோன் அடிக்கத் தொடங்கியது.

"தலைப்பக்கம் தூக்குங்கோ, தூக்குங்கோ" என்று ராகவேந்திரனின் அண்ணா மஹாதேவன் கீழே இருந்து குரல் கொடுத்தார். தூக்கி வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதையே வங்காளியில் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஷியாமளா நாலு படி மேலே சாவியோடு நின்றிருந்தாள். அவள் கணவன் ராகவேந்திரனின் பாதங்கள் வெள்ளைத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இருந்தது.

டெலிபோன் விடாமல் அடித்தது. யார் என்று அவளுக்குத் தெரியும். சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள்.

எல்லோரும் உள்ளே நுழைவதற்குள் அது ஒருமுறை நின்று, மறுபடி அடித்தது. மஹாதேவனின் மனைவி சுப்புலக்ஷ்மி எடுத்தாள். "ஆமாம், ராகவேந்திரன் ஆத்துலேர்ந்துதான்" என்றவள், ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "ஏதோ லேபாம். மெஷின் நின்னுபோச்சாம். இன்னிக்குப் போய் இதெல்லாமா!" என்றாள். ஷியாமளா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. காலையிலிருந்து அணைக்கவில்லை. அதன் விசிறிச் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. யாராவது அந்த அறைக் கதவைச் சாத்தினால் தேவலை என்று ஷியாமளாவுக்கு இருந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

அவளுக்குப் பயம் இன்று பிடித்ததல்ல. மூன்று வருஷமாகக் கூடவே இருந்தது.

கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்காக அங்கே ஸ்மால்டாக் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினார்கள். கல்கத்தாவுக்கு வந்தபின் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. கரியாஹாட் முனையில் வரிசையாகத் தொங்கிய கம்ப்யூட்டர் வகுப்புப் பலகைகளில் விஷுவல் பேசிக் இருந்தது, ஜாவா இருந்தது, ஆரக்கிள் இருந்தது. அவளுடையது எதிலும் இல்லை. ராகவேந்திரன் பிரிண்டர், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருந்தான். திருகாணியும் ஒயரும் தெரியும், ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் ஊரில் பாதிப் பேரோடு டீ குடித்திருந்தான். பவானிபூரில் டாக்டர் சான்யாலின் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் புரோகிராம் வேண்டும் என்று தொண்ணூற்றொன்பதில் தெரியவந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"எல்லாரும் எழுதறதுலேயே எழுதிடறேனே. கத்துண்டா போச்சு" என்றாள் அவள்.

"உன் பாஷையில என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்லே. மத்ததுல தப்பு வந்தா புரோகிராம் அப்படியே விழுந்துடும். இதுல தப்பு வந்த எடத்துலேயே நிக்கும். உள்ள இருக்கறது எதுவும் போகாது. அங்கேயே சரி பண்ணிட்டு, மேல போன்னா போகும். நான் ஒருத்தியே எழுதிடலாம். ஆனா எனக்கு ஒடம்பு சரியில்லேன்னா இந்த ஊர்ல வேற ஆள் கெடையாது. அதைக் கேப்பாளே?"

"கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். உனக்கு எது கை வருமோ அதுல எழுது."

சான்யாலிடம் போய்விட்டு வந்தான். வேலை கிடைத்திருந்தது. "என்ன சொன்னேள்?" என்று கேட்டாள். "தெரிஞ்ச ஆள் இருக்குன்னேன்" என்றான் சிரித்துக்கொண்டே. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. லேபுக்கு அவன் மட்டும்தான் போனான். அங்கே ஏதாவது தகராறு என்றால் வீட்டுக்குப் போன் செய்து திரையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பான். அவள் தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வாள். அவன் போய் அதைத் தட்டுவான்.

இன்று காலையிலும் போன் செய்திருக்கிறான். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மணி கேட்டது. வாளியோடு இறங்கி வாசற்படி மிதிக்கும்போது நின்றுவிட்டது. மறுபடி அடிக்கும் என்று ஈரக் கையோடு பக்கத்திலேயே நின்றாள். அடுத்து அடித்தபோது நர்சிங் ஹோமிலிருந்து பேசினார்கள்.

நேற்று அவள் ஒரு சின்ன மாற்றம் செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். குழந்தைகளுக்கு வயதை மாசக் கணக்கில் போட வசதி. அதுதான் நின்றிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவன் டிபன்கூடச் சாப்பிடாமல் ஓடினான். இதற்கு மேல் யோசிக்க அவளால் முடியவில்லை.

காரியம் செய்துவைக்க வாத்தியார் லேக் மார்க்கெட்டிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் சான்யால் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ரஜனிகந்தா என்று அந்த ஊரில் சொல்லும் சம்பங்கிப்பூவில் கட்டிய பெரிய மாலையை ராகவேந்திரனின் மேல் வைத்து, கைகூப்பி நின்றார். கண் சிவந்திருந்தது. ஷியாமளா சுவரோரம் ஒடுங்கினாள்.

"என் கண் முன்னாலேயே நடந்தது" என்றார் ஆங்கிலத்தில், மஹாதேவனிடம். "மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரொம்ப வேர்த்தது. என்ன ராகவ்பாபு என்றேன். ரெண்டு நிமிஷம் டாக்டர், அணைத்துவிடாதீர்கள் என்றார். அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். நானும் டாக்டர்தான். என்ன பிரயோஜனம்?"

மஹாதேவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரும் ஆங்கிலத்திலேயே பேசினார். "என் தம்பி தனி ஆளா நின்னு எழுதினான், டாக்டர். இந்தக் கல்கத்தாவுல அவன் ஒருத்தனுக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். எங்க பேங்க்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவேன்."

வாத்தியார்கூட நிமிர்ந்து, கிடந்தவனை ஒரு தடவை பார்த்தார்.

ஷியாமளாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. தானே எழுதியதாக அண்ணாவிடமுமா சொல்லியிருக்கிறான்? இன்னும் யார் யாரிடம்? ராகவேந்திரனின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள்.

"ஆரம்பத்தில் எனக்கு இஷ்டமே இல்லை" என்றார் சான்யால். "யாருக்கும் தெரியாத பாஷையில் ஏன் என்று கேட்டேன். எழுதுவதும் நான்தான், பார்த்துக்கொள்வதும் நான்தான், மனைவி டைப் அடித்துக் கொடுப்பாள் என்றார். அவரை நம்பித்தான் கொடுத்தேன். இன்று விடிகாலையிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறோம். ட்யூபில் வெறும் நம்பர்தான் இருக்கும். எந்த நம்பர் யாருடையது என்பது அந்த மெஷினுக்குள் இருக்கிறது. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள்கூட உண்டு. மானேஜர் எங்கேயோ சொல்லி ஓர் ஆளை வரவழைக்கிறார். மெஷினை அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று அவன் சொல்கிறானாம்."

"அணைக்கப்படாது."

சொன்னது தான்தான் என்று ஷியாமளாவுக்கே பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பிணம் எடுப்பதற்கு முன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது என்பதுபோல் சுப்புலக்ஷ்மி பார்த்தாள். ஷியாமளா அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அணைத்தால் காலையிலிருந்து போட்டதெல்லாம் போய்விடும். வருகிற ஆளிடம் மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் போன் பண்ணுகிறேன்."

சான்யால் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு அது தெரியுமா?"

மஹாதேவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தர்ப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தியிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையின் மறுபக்கம் ராகவேந்திரன் கிடந்தான், தாடையில் துணியோடு.

"டைப் அடிச்சது நான்தானே" என்றாள். "ஞாபகம் இருக்கு."

சான்யால் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய்ச் செல்போனில் யாரிடமோ வங்காளியில், தொடாதே, யாரும் தொடாதே என்று சத்தம் போட்டார்.

அதற்குப்பின் நடந்தது எல்லாம் அவள்மேல் யாரோ தண்ணீர் ஊற்றுவதுபோல் நடந்தது. அரிசியைக் கையில் கொடுத்தார்கள், போட்டாள். சுற்றச் சொன்னார்கள், சுற்றினாள். படிக்கட்டில் மறுபடி அந்தத் திருப்பத்தில் சிரமப்பட்டுத் திருப்பி இறக்கினார்கள். ஆண்கள் கேவ்ராதலா சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். சான்யாலும் கூடப் போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்றவள், நேரே சின்ன அறைக்குள் போய் டெலிபோனை எடுத்தாள்.

"ஷியாமளா! ஸ்நானம் பண்ணாம எதையும் தொடாதே" என்று சுப்புலக்ஷ்மி பின்னாலேயே வந்தாள்.

"ஒரு நிமிஷம், மன்னி."

"நன்னா இருக்கா நீ பண்றது? யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

ஷியாமளா லேபின் நம்பரைப் போட ஆரம்பித்தாள். மன்னி கூடத்துக்குப் போய்விட்டாள்.

லேபில் ரூமா என்ற பெண் எடுத்தாள். பதிவு செய்யும் மெஷினில் உட்காருபவள். ஷியாமளா அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னால் ஒரே கூச்சலாக இருந்தது.

"ரூமா, திரையில மேல என்ன போட்டிருக்குன்னு படி" என்றாள் தன் அரைகுறை வங்காளியில்.

ரூமா எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் வரியிலேயே ஷியாமளாவுக்குப் புரிந்துவிட்டது. பயந்தது சரிதான். நேற்று எழுதியதுதான். யாரோ பிரசவ வார்டிலிருந்து அன்று பிறந்த குழந்தையின் ரத்தத்தை அனுப்பியிருக்கிறார்கள். வயது என்ற இடத்தில் போட ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் என்ன செய்வது என்று அவள் எழுதாமல் விட்டிருந்தாள்.

கண்ணை மூடித் திறந்தாள். "பௌதி?" என்றாள் ரூமா, மன்னி என்பதற்கான வங்காளிச் சொல்லால். "இருக்கீங்களா?"

"இருக்கேன். கீழ மூணாவது வரி. அதுக்கு முன்னால கர்சரை வை. நான் சொல்றதை ஒவ்வொரு எழுத்தா அடி."

சொன்னாள். ரூமா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள். வேகமாக அடித்தாள், அவனைவிட வேகமாக. நடுவில் யாரோ, கம்ப்யூட்டர்காரர் வந்தாச்சு, எழுந்திரு என்றது கேட்டது. "எழுந்திருக்க மாட்டேன், டாக்டர் சொல்லியிருக்கார்" என்று ரூமா கத்தினாள்.

"எனக்குத் தெரியும், பௌதி" என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி.

"என்ன தெரியும்?"

"ராகவ்தாதா வராண்டாவுல நின்னு உங்களோட பேசுவார் இல்லையா? என் ஜன்னல் பக்கம்தான். மெள்ளச் சொல்லு ஷியாமளா, மெள்ளச் சொல்லுன்னு உங்க பாஷையில சொல்லுவார், கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். உங்க பேரு அப்படித்தான் தெரியும். காகிதத்துல எழுதிட்டு வந்து, எனக்கு எதிர்ல உக்காந்து அடிப்பார். நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

ஷியாமளா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இன்று காலை போன் அடித்துக்கொண்டே இருந்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று.

"அங்க ஏதாவது சாப்ட்டாரா?" என்றாள்.

"டீ கொடுத்தேன். பாதி குடிச்சார்."

ஷியாமளா தன் திரையின் பக்கம் திரும்பினாள்.

"எழுதினது சரியா இருக்கா, இன்னொரு தடவை படி" என்றாள் ஷியாமளா. ரூமா படித்தாள். தன் திரையில் விரல் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தாள். இதுவும் தப்பாகிவிட்டால் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை, ஓடிப்போய்ப் பார்க்கவும் யாரும் இல்லை. "மேல இருக்கு பார், தொடரவும்னு. அதை அமுக்கு."

ரூமாவின் மூச்சு கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. ஷியாமளா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தூரத்தில், கூச்சலுக்கு நடுவே, பிரிண்டர் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. நின்றது. காகிதம் ஏறும் சத்தம் வந்து, மறுபடி ஓடியது.

"வருது பௌதி! ஒவ்வொண்ணா வருது. பேரெல்லாம் சரியா இருக்கு." ரூமா அழுகிறாள் என்று தோன்றியது. "டாக்டர் திரும்பி வந்ததும் சொல்லட்டுமா? நீங்கதான்னு?"

கூடத்தில் பெண்கள் தரையைக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். சுப்புலக்ஷ்மி குடங்குடமாக ஊற்ற, பக்கத்து வீட்டுப் பெண் துடைப்பத்தால் தள்ளினாள். தண்ணீர் ராகவேந்திரனைக் கிடத்தியிருந்த இடத்தைத் தாண்டி, இரண்டொரு அரிசிமணியையும் ரஜனிகந்தா இதழையும் அடித்துக்கொண்டு, நிலைப்படியின் மேல் ஏறி, சின்ன அறைக்குள் வந்தது.

"பௌதி?"

ஷியாமளா சட்டென்று குனிந்தாள். கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகியிருந்த மின்சாரப் பலகை தரையில் கிடந்தது. ஒயரோடு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கால் இரண்டையும் நாற்காலிக் கட்டையின் மேல் ஏற்றிக்கொண்டு, ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி, தண்ணீர் நாற்காலிக்குக் கீழே பரவி எதிர்ச்சுவரைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை மடியில் லேசாகச் சுட்டது.