புல் மேல் ஒரு மதியம்

ஜியாவுல்லா முப்பத்திரண்டு வருடமாகத் திருவண்ணாமலையில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். ஊரில் அவர் புல் பதிக்காத தெரு குறைவு. ஆனால் பதித்த புல்லில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அன்று வேங்கிக்காலில் சரோஜா வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போனார். புல் பதித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மலையிலிருந்து மேகம் இறங்கி, மதியமே மங்கிக் கிடந்தது.

“புல்லு நல்லா பிடிச்சிடுச்சி பாய். செருப்ப கழட்டிட்டு நடந்து பாருங்க, நான் டீ போட்டுட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு சரோஜா உள்ளே போனார்.

ஜியாவுல்லா நடந்தார். பாதம் வழியாகக் குளிர்ச்சி ஏறியது. உட்கார்ந்தார், பிறகு மெல்லப் படுத்தார். கண் செருகியது. அவர் பதித்த புல்தரைகளெல்லாம் மதில்களைத் தாண்டி ஒன்றோடொன்று சேர்ந்து, மலையைச் சுற்றிப் பச்சையாகப் படர்ந்தன. அதன்மேல் அவர் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தார். யாரும் தடுக்கவில்லை.

விழித்தபோது தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரோஜா அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

“எழுப்பியிருக்கலாமேம்மா,” என்று கூச்சத்துடன் எழுந்தார்.

“அசந்து தூங்கினீங்க. எழுப்ப மனசு வரலைங்க.”

அப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டு, புல் பதிக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

“நாளைக்கு வரேங்க,” என்றார் ஜியாவுல்லா. சரோஜா புதிதாகப் போட்டுத் தந்த டீயை வாங்கிக்கொண்டு, ஈரப் புல்லிலேயே மறுபடியும் உட்கார்ந்தார்.