ஊர் பார்க்கச் சாப்பிடுகிறவர்

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, தெருவே பார்க்க, கறிக்கடைக்காரர் பீன்ஸ் தின்றுகொண்டிருந்தார். பீன்ஸ் என்றால் வெறும் பீன்ஸ். நடுவில் ஓர் எலும்பு கிடையாது, ஓரத்தில் ஒரு துண்டு ஈரல் கிடையாது. எதிரே காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா, தராசைக் கையில் பிடித்தபடியே வியாபாரத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கடைச் சரக்கு அந்தத் தட்டில் போய்ச் சேர்ந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் கண்ணை நம்ப முடியவில்லை.

அந்தக் கடையில் அவருடைய மாமனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. காலையில் உரிக்கிற முதல் ஆட்டிலிருந்து ஒரு பங்கு மாடியிலிருக்கும் வீட்டுக்குப் போகும். மதியம் அது குழம்பாகிக் கீழே இறங்கி வரும். வெட்டியவரே அதை ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி சாப்பிட வேண்டும். ஆயிரம் பலகை எழுதி மாட்டினாலும் இதற்கு ஈடாகாது. கடைக்காரனே கூச்சமில்லாமல் விரலை நக்கிச் சாப்பிடுகிற கறியில் என்ன குறை இருந்துவிடப் போகிறது? மாமனார் போன பிறகு முக்காலி மருமகனுக்கு வந்தது. அவரும் குறை வைக்காமல் சாப்பிட்டார். பார்க்கிறவர்களுக்கு வாய் ஊறும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்துவிட்டார். சட்டையின் கீழ் ஓரம் கசங்கி, இன்னும் ஈரமாக இருந்தது. காலையில் கட்டிப்போட்டிருந்த ஆடு, அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது கயிறு எட்டும்வரை பின்னால் வந்து அதைச் சவைத்துக்கொண்டிருந்தது. போ சனியனே என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டிருந்தார். இப்போது அவர் அந்த ஆட்டைச் சவைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ ஆடுகளை வெட்டிய கை அது, ஒருநாளும் நடுங்கியதில்லை, அன்றும் நடுங்கவில்லை. வாய்தான் நின்றுவிட்டது. அதற்கு மேல் அது மெல்ல மறுத்தது.

மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் வயிறு சரியில்லையோ என்று நினைத்தாள். விஷயம் புரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"வெட்டறது தப்பில்ல, விக்கறது தப்பில்ல, திங்கறதுதான் தப்பா?"

இந்தக் கேள்வியை அவரும் தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருந்தார்.

"தெரியல. தொழில விட்டா சோத்துக்கு வழியில்ல. வாய மட்டும்தான் இப்போதைக்கு என்னால மாத்த முடியும். அதையாவது மாத்திக்கறேன்."

காய்கறி வாங்குவது அவருக்குத் தெரியாத வேலை. விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஆட்டின் வயதைச் சொல்லிவிடுகிற மனிதர், முற்றின பீன்ஸையும் பிஞ்சு பீன்ஸையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். கத்தரிக்காயைத் தொடைக்கறி மாதிரி தட்டிப் பார்த்தார். காய்கறிக்கார அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே பொறுக்கிப் போட்டாள். பூசணியைக் கடைக்குக் கொண்டுவந்து வெட்டுமரத்தில் வைத்து ஒரே போடு போட்டார். விதை சுவரெல்லாம் தெறித்தது.

ஆனால் முதல் வாரம் அவரே எதிர்பாராத அளவுக்குச் சுலபமாகப் போயிற்று. பீன்ஸ் மணத்தது, முட்டைக்கோஸ் ருசித்தது, உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று நாக்கில் ஒட்டிக்கொண்டது. இதற்குத்தானா ஊரில் இத்தனை பேர் முடியாது முடியாது என்கிறார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. காய்கறிக்கார அக்காவிடம், நாக்கை அடக்குவதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை என்று அளந்துவிட்டு வந்தார்.

வாரக் கடைசியில், கடையில் உருக்கிய கொழுப்பை வழக்கம்போலத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். அடுப்பு மேடையில் கொழுப்பு டப்பா திறந்திருந்தது. மனைவி கரண்டியால் வழித்துச் சட்டியில் போட, மேலே பீன்ஸைக் கொட்டினாள். அவர் வாசலிலேயே வாளியோடு நின்றார். அந்த வீட்டில் அடுப்பு மூட்டிய நாள் முதல் தாளிப்புக்கு அதுதான். வாராவாரம் கொண்டுவந்து நிரப்புவதும் அவரேதான். அவருக்கோ அவளுக்கோ அதைக் கறி என்று நினைக்கவே தோன்றியதில்லை.

"எண்ணெய்தானங்க அது," என்றாள் அவள். அவளிடம் கள்ளம் இல்லை. அவருக்கோ முகத்தில் ஈயாடவில்லை. அடக்கிக் காட்டிவிட்டதாகப் பெருமைப்பட்ட நாக்கு, ஒரு வேளை விடாமல் அதே ஆட்டைத்தான் ருசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அழுகை வரும்போல இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. வாளியை அப்படியே கீழே எடுத்துக்கொண்டு போனார். மளிகைக் கடையிலிருந்து வேறு எண்ணெய் வாங்கி வந்து, புதுச் சட்டி ஒன்றும் வாங்கி, இனி இது என் சட்டி என்று தனியாக வைத்தார். மறுநாள் பீன்ஸ் புல் மாதிரி இருந்தது. புல்லைத் தின்றார். அடுத்த நாளும் தின்றார். முதல் வாரம் கணக்கில் சேராது, இன்றைக்குத்தான் ஆரம்பம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கடைக்காரர் தன் கடைக் கறியைத் தொடுவதில்லை என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கண், காது, மூக்கு வைத்து அது ஊரைச் சுற்றி வந்தபோது, சீக்கு ஆட்டை அறுக்கிறார்களாம், அதனால்தான் அவரே பயந்து நிறுத்திவிட்டாராம் என்று ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசை பாதியாகக் குறைந்தது. கொக்கியில் தொங்கிய கறி தொங்கியபடியே இருந்தது.

மனைவி சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் அவள் அமைதியாகச் சொன்னாள்.

"இது எங்கப்பா கடை. மதியம் ரெண்டு தட்டு அனுப்பறேன். ஒரே ஒரு துண்டு, ஊர் பாக்க வாயில போட்டுக்கங்க. அப்புறம் துப்பிடுங்க. நான் கேக்க மாட்டேன்."

மதியம் இரண்டு தட்டும் வந்தன. ஒன்றில் பீன்ஸ், இன்னொன்றில் ஆவி பறக்கும் கறி. அவர் கை கழுவிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். வரிசையில் நின்ற சிலரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார்கள். எதிர்க்கடை அக்காவும் பார்த்தாள். வாடிக்கையாக வரும் டீச்சர் அம்மா, எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடுகிறவர், பையைக் கல்லாமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க கறிய நீங்களே சாப்பிடறதில்லன்னு சொல்றாங்களே, நெஜமா?"

கறி மணம் மூக்கில் ஏறியது. அவருடைய வெட்கங்கெட்ட வாய் ஊறியது. ஒரு துண்டு. மெல்லக்கூட வேண்டாம். கடை நிற்கும், மனைவி முகம் தெளியும், ஊர் வாய் மூடும். அவர் விரல் தட்டின் ஓரம்வரை போயிற்று. அன்று ஆடு சவைத்த சட்டையின் கீழ் ஓரம் காய்ந்து விறைப்பாக இருந்தது. எத்தனை துவைத்தும் அந்தச் சுருக்கம் போகவில்லை.

"நெஜந்தான் டீச்சர். கறியில ஒரு குத்தமும் இல்ல. காலைல நானே பாத்து வெட்டினது. எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு, அவ்வளவுதான். பொய்யா ஒரு துண்டத் தின்னு காட்டி உங்ககிட்ட விக்க எனக்கு மனசு வரல."

பின்னால் நின்ற ஒருவர் மெல்ல நழுவினார். அவரைத் தொடர்ந்து இன்னொருவர். கறிக்கடைக்காரர் பீன்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து ஒவ்வொன்றாகத் தின்றார். கறித் தட்டு பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கை நிற்கவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நல்ல துண்டெல்லாம் கீழே அனுப்பிவிட்டு, மிஞ்சிய கழுத்தெலும்போடு மாடியில் தனியாகத்தான் சாப்பிடுவாள். அவள் கல்லாவுக்குப் பின்னாலிருந்த நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். கறித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்காக இல்ல. கடைக்காக," என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

பிறகு தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். அப்பா சாப்பிட்ட மாதிரியே, கூச்சம் இல்லாமல், எலும்பைக் கடித்து, உறிஞ்சி, விரலை நக்கி. கறிக்கடைக்காரர் அவள் சாப்பிடுவதை அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியாது. நல்ல துண்டுகளையெல்லாம் இத்தனை காலம் நாமே தின்றுவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் அம்மா அவளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை, எடை போடச் சொல்லவும் இல்லை. அப்படியே நின்றார்.

மனைவி பழக்கதோஷத்தில் ஒரு நல்ல துண்டைப் பிய்த்து அவர் தட்டுப் பக்கம் கொண்டுவந்தாள். பாதி வழியில் கை நின்றது. துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். பிறகு கல்லாமேல் கிடந்த துணியை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண்வரை அழுத்தித் துடைத்தாள். துடைத்த கையால் அவர் தட்டிலிருந்து ஒரே ஒரு பீன்ஸை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு, தட்டோடு கீழே வந்திருந்த உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.