ஆள் இல்லாத சட்டை

"சார், இந்த வீட்டை எங்கம்மா பேருக்கு மாத்திக் குடுங்க."

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டே விட்டாள். அதுவும் வீட்டு வசதி வாரியத்து அதிகாரி முன்னால், அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்போது.

அரசாங்க வாடகை வீடு. ஓர் அறை, சமைக்க ஒரு மூலை. வாடகைக்காரர் என்று இருப்பது அப்பா பேர்தான். அவரோ வேறொருத்தியோடு ஊரின் மறுகோடியில் குடித்தனம் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அது தெரிந்தால் வாரியம் பூட்டுப் போட்டுவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வரும் அம்மா, அவருடைய நீலச் சட்டையை வாரம் தவறாமல் துவைத்து வெளிக்கொடியில் காயப்போடுவாள். யார் உடம்பிலும் ஏறாமலே அது வெளுத்துப்போயிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, அதிகாரி வரும் அன்று மட்டும் அவர் வந்து அதை மாட்டிக்கொண்டு குடும்பத் தலைவராக உட்காருவார். போகும்போது வெறுங்கையோடு போகமாட்டார்.

"அவர்தான் இருக்காரேம்மா, எதுக்கு மாத்தணும்?" என்றார் அதிகாரி.

"அவர் இங்க இல்ல சார். சட்டைதான் இருக்கு."

"படிக்க வச்சேன்ல, எனக்கு இதுவும் வேணும்" என்றார் அப்பா.

"நீங்க எங்க படிக்க வச்சீங்க? ஆஸ்பத்திரி மாப்பு படிக்க வச்சுது."

அதிகாரி பேனாவை மூடினார். "மாத்தலாம். ஆனா யார் யார் இருக்கீங்க, என்ன வருமானம்னு முதல்லேர்ந்து பாக்கணும். நீ வேலைக்குப் போறியாம்மா?"

"போன மாசம் சேர்ந்தேன்."

"அப்ப உன் சம்பளத்தையும் சேத்தா இது ஏழைக் குடும்பமே இல்ல. வீடு கிடைக்காது."

அப்பா காலை ஆட்டினார். "என்ன டிகிரிக்காரி, இப்ப திருப்தியா?"

அதுவரை வாயைத் திறக்காத அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவ இங்க இல்லேன்னா, சார்?"

"உங்க பேருக்குத் தரலாம்."

"அப்ப ரெண்டு பேர் பேரையும் அடிச்சிடுங்க."

அப்பாவின் கால் நின்றது. மகள் பையை எடுத்து இரண்டு துணியைத் திணித்தாள். வாசலில் அம்மா அவள் கையைப் பிடித்தாள். "பேருக்குத்தான்டி. இருட்டினதும் வந்து படுத்துக்க. எவனுக்குத் தெரியப்போவுது?"

"இருபது வருஷமா இல்லாத ஆளை இருக்கார்னு சொன்னோம். இனி இருக்கிறவளை இல்லேன்னு சொல்லணுமா? வேணாம்மா. நெசமாவே இல்லாமப் போறேன்."

கொடியில் இன்று நீலச் சட்டை இல்லை. அவளுடைய துணி மட்டும் ஈரமாகத் தொங்கியது. அதையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்டப் படியிறங்கினாள்.