ஈக்காரியின் நிறங்கள்

உயிர் பிரிந்து படுக்கையில் கிடந்த அக்காவின் தலையை ஒரு கையால் ஏந்தி, மறு கையால் தங்கை வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா பூச்சி மருந்து டப்பாவும் கையுமாக வந்து நின்றார்.

"அலமாரி பூரா ஈம்மா. கண்ணாடிக் குழாய்க்குள்ள போய்க் குட்டி போட்டு வச்சிருக்கு. நாலு பேரு வர்ற நேரம்னு எல்லாத்தையும் திறந்து மருந்தடிச்சுட்டேன்."

சீப்பு நின்றது.

"அது அக்கா வளர்த்த ஈ, பெரியப்பா."

"ஈயை எவனாவது வளர்ப்பானா?"

அக்கா வளர்த்தாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே ஈக்காரி. இதயம் பழுதாகி ஆய்வகத்துக்குத் தினமும் போக முடியாமல் போனபோது, குழாய்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சலூன் வைத்திருக்கும் தங்கையைச் சீண்டுவாள்: "நீ முடிக்குச் சாயம் போடுறே, நான் மூளைக்குப் போடுறேன். ரெண்டு பேரும் ஒரே தொழில்தாண்டி."

பழ ஈயின் மரபணுவிலேயே நிறங்களை வைத்துவிடுவது அவள் வேலை. புழுப் பருவத்தில் குழாயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால், ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனக்கென்று ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே தாய்ச் செல்லில் பிறந்து, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஓடும் இரண்டு நரம்புகளைத் தனித்தனி நிறத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். முடியாது என்றார் பேராசிரியர். தாய்ச் செல் பிரிவதற்குள்ளேயே நிறம் விழுந்துவிட, எத்தனை முறை செய்தாலும் இரண்டும் ஒரே நிறத்தில் வந்து நின்றன. சூடு காட்டும் வேளையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள் அக்கா. "ஒரு வயித்துல பொறந்தா ஒரே நெறமா இருக்கணுமா என்ன?"

கடைசியாக ஓர் ஈயிலிருந்து எடுத்த மூளை மட்டும் ஆய்வகத்தில், ஒரு கண்ணாடித் தகட்டில் இருந்தது. கசகசாவைவிடச் சிறியது. இனி அது ஒன்றுதான் மிச்சம்.

அக்காவுடன் வேலை பார்த்த பெண் தொலைபேசியில் அழுதாள். "இன்னைக்கு மதியம் மைக்ராஸ்கோப் நேரம் அக்கா பேர்ல இருக்கு. புரொபசர் சார் அதை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்றாரு. விட்டா அடுத்த மாசம்தான். அதுக்குள்ள நிறம் மங்கிடும்."

"யாருக்கும் கொடுக்காதே. நான் வர்றேன்."

பெரியப்பா வாசலை மறித்தார். "பொணத்தைப் போட்டுட்டு எங்க கிளம்புறே? ஊர் என்ன பேசும்?"

"உயிரோட இருந்தப்பவும் பேசிச்சு. இப்பவும் பேசட்டும். நான் வர்றவரைக்கும் அக்காவைத் தூக்க வர்ற வண்டி நிக்கணும்."

ஆய்வகத்தின் இருட்டறையில் இரண்டு பெண்களும் திரைமுன் உட்கார்ந்தார்கள். கருவி மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடித்தது. முதலில் வெறும் புகை. பிறகு எங்கு பார்த்தாலும் சிவப்பு. தங்கைக்கு நாசமாய்ப் போகிற மருந்து டப்பாவை நினைத்து ஆத்திரம் பொங்கியது.

"இன்னும் கீழ போ," என்றாள்.

அடுத்த அடுக்கில் ஒரு சிவப்பு நரம்பு வளைந்து ஓடியது. அதன்மேல் சாய்ந்தபடி, அது போன வழியெல்லாம் கூடவே போனது இன்னொன்று. பச்சை.

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "வந்துடுச்சு... அக்கா சொன்ன மாதிரியே வந்துடுச்சு!"

தங்கை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதை உங்க சாருக்கு இப்பவே அனுப்பு. அக்கா பேரைப் போட்டு அனுப்பு."

வழியில் சலூனைத் திறந்து இரண்டு சாயக் குப்பிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் வண்டி நின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் நேராக உள்ளே போனாள்.

"முடியைக் கறுப்பா அடிச்சு விடும்மா," என்றார் பெரியப்பா. "பார்க்க லட்சணமா இருக்கட்டும்."

அவள் கிண்ணத்தில் சிவப்பைக் கலக்கினாள். அக்காவின் முன்நெற்றி நரையில் ஒரு கற்றையைப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பொறுமையாகத் தடவினாள்.

பிறகு கண்ணாடிமுன் போய் நின்று, தன் காதோர நரையில் பச்சையைத் தடவிக்கொண்டாள்.

வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"நேரமாச்சும்மா," என்றார் பெரியப்பா தணிந்த குரலில்.

அவள் நாற்காலியை அக்காவின் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாயம் பிடிக்கணும் பெரியப்பா. நிக்கச் சொல்லுங்க."